ஐந்தாவது முகவரி

மெயில் அனுப்புவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஒரே ஒரு நாள் மேனேஜரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். சாயங்காலம் என்ன கதியில் எழுந்து போகிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

மேனேஜர் என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். அண்ணனுக்கும் கடைக்குட்டிக்கும் நடுவில் பிறந்தவள். பத்து மாதம் முன்புவரை அது வெறும் கிண்டல் பெயர். அண்ணன் போன பிறகு, கடைக்காரர்களுக்காக விளம்பர மெயில் அனுப்பும் வேலை மொத்தமும் அவள் தலையில் விழுந்தது, பெயரும் நிஜமாகிவிட்டது.

மாடி அறைச் சுவரில் வெள்ளைப் பலகை. அதில் இன்றைக்கு ஐந்து வரிகள். ஒன்பதரைக்குச் செருப்புக் கடை, பதினொன்றுக்குக் கண் ஆஸ்பத்திரி, ஒரு மணிக்குப் பாட்டு டீச்சர், நாலு மணிக்கு மெத்தைக் கம்பெனி, ஆறு மணிக்குச் செடி விற்கிறவர்.

செருப்புக் கடைக்காரருக்குத் தோளில் கை போட்டுப் பேசுகிற மாதிரி மெயில் இருக்க வேண்டும். கண் ஆஸ்பத்திரி மரியாதையாக, பயமுறுத்தாமல் பேச வேண்டும். பாட்டு டீச்சருக்குக் கொஞ்சல் பிடிக்கும். மெத்தைக் கம்பெனி முதலாளிக்கு அவசரம் பிடிக்கும், 'இன்றே கடைசி' என்று வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லிவிடுவார். செடிக்காரருக்கு எதுவுமே பிடிக்காது. இவர்கள் ஐந்து பேருக்காகவும் ஒருத்தியே பேச வேண்டும், அதுவும் இருபதாயிரம் முப்பதாயிரம் பேரிடம், ஒருவர் பேச்சு இன்னொருவர் வாயில் வந்துவிடாமல்.

அவள் கெட்டிக்காரிதான். ஆனால் இன்றைக்கு மனசு வேலையில் இல்லை.

ஏன் என்று தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். பத்து மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, "இதோ வந்துடறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போன அண்ணன் வரவே இல்லை. வண்டி மட்டும் ஆற்றுப் பாலத்தில் நின்றது. போன வாரம், பாலத்துக்குக் கீழே வெகு தூரம் தள்ளி, மதகுச் சேற்றில் ஒரு உடல் கிடைத்தது. முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் இருந்தது. அண்ணி அதைப் பார்த்ததும், "அவரோடதுதான்" என்றாள். நாளைக் காலை பத்து மணிக்கு அவள் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'இவர்தான் என் கணவர், மேற்கொண்டு பரிசோதனை எதுவும் வேண்டாம்' என்று எழுதிய காகிதத்தில்.

அம்மாவுக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது. அவளைப் பொறுத்தவரை பெரியவன் எங்கேயோ கோபித்துக்கொண்டு இருக்கிறான், கோபம் தீர்ந்தால் வந்துவிடுவான்.

"அடியே!" என்று கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "செருப்புப் படம் அஞ்சும் இடது காலாவே இருக்கே. ஊர்ல யாருக்கும் வலது கால் இல்லையா?"

கடைக்குட்டி தலையில் அடித்துக்கொண்டான். படம் போடுவது அவன் வேலை. "அம்மாவை முதல்ல ரிட்டயர் பண்ணணும்க்கா."

"முதல்ல படத்தை மாத்துடா."

இது அந்த வீட்டின் வழக்கம். அண்ணன் கொண்டு வந்த வழக்கம். எந்த மெயிலும் வெளியே போவதற்கு முன் வீட்டிலுள்ள ஐந்து பேருக்குப் போகும். அண்ணன், அண்ணி, மேனேஜர், கடைக்குட்டி, அம்மா. ஐந்து பேரும் திறந்து, படித்து, குடும்பக் குழுவில் 'சரி' என்று போட வேண்டும். யார் திறந்தாலும் மேனேஜரின் திரையில் அவர் பெயருக்கு எதிரே உள்ள புள்ளி பச்சையாகும். அதற்குப் பிறகுதான் ஆயிரக்கணக்கான பேருக்குப் போகும். டீச்சராக இருந்த காலத்தில் பரீட்சைத் தாளைக்கூட அம்மா இவ்வளவு கண்டிப்பாகத் திருத்தியிருக்க மாட்டாள்.

பத்து மாதமாக நாலு புள்ளிதான் பச்சையாகும். ஐந்தாவது சாம்பல் நிறத்திலேயே நிற்கும். ஆறு மாதம் திறக்காத முகவரியை யோசிக்காமல் பட்டியலிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான். அப்படி எத்தனையோ ஆயிரம் பேரை மேனேஜர் தூக்கியிருக்கிறாள். இந்த ஒன்றில் மட்டும் கை வரவில்லை. தூக்கிவிட்டால் அண்ணன் இல்லை என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று விட்டு வைத்திருந்தாள்.

கடைக்குட்டி இரண்டு வலது கால் செருப்புகளைச் சேர்த்துக் கொடுத்தான். மறுபடி ஐந்து பேருக்கும் அனுப்பினாள். அம்மா பச்சை. கடைக்குட்டி பச்சை. அவளுடையது பச்சை. நாலாவதாக ஒன்று பச்சையானது. அண்ணியாக இருக்கும் என்று நினைத்து, முப்பத்திரண்டாயிரம் பேருக்கான பொத்தானை அழுத்தப் போனவள் நின்றாள்.

அண்ணியின் புள்ளி சாம்பலாகத்தான் இருந்தது. பச்சையாகியிருந்தது ஐந்தாவது.

"டேய், இங்க வா."

கடைக்குட்டி வந்து பார்த்தான். பிறகு, "மெஷினா இருக்கும்க்கா" என்றான். "மெயில் கம்பெனிக்காரங்களே சில சமயம் உள்ள வைரஸ் இருக்கான்னு திறந்து பாப்பாங்க. நம்ம ரிப்போர்ட்ல அதுவும் திறந்த மாதிரிதான் விழும்."

"பத்து மாசமா பாக்காத மெஷின் இன்னைக்கு என்ன புதுசாப் பாக்குது?"

"எனக்கு என்ன தெரியும்? விடேன்."

விட்டாள். வேறு என்ன செய்ய? மணி ஒன்பதரை ஆகியிருந்தது. செருப்புக் கடைக்காரர் போனில் வந்துவிட்டார். மெயிலை அனுப்பினாள்.

பத்தேகாலுக்கு அது மறுபடி வந்தது.

பக்கத்துத் திரையில், யார் எந்த மெயிலைத் திறக்கிறார்கள் என்று வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். செருப்பு மெயிலைத் திறக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் ஓடினார்கள். அவர்களுக்கு நடுவே, விட்டு விட்டு, ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தது. அண்ணனுடையது.

நேற்று அனுப்பிய செடி மெயிலைத் திறந்தது. அடுத்து நேற்றைய மெத்தை மெயில். அடுத்து முந்தாநாள் பாட்டு டீச்சர். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு விநாடி இடைவெளி. போன வாரத்துக்குப் போனது. போன மாதத்துக்குப் போனது. யாரோ அந்த மெயில் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, மேலிருந்து கீழே, இன்றிலிருந்து பின்னால், ஒன்றுவிடாமல் திறந்துகொண்டே போகிறார்கள்.

"இப்பச் சொல்லு" என்றாள். "இதுவும் மெஷினா?"

கடைக்குட்டியின் முகம் மாறிவிட்டது. "மெஷின் இவ்வளவு நிதானமாத் திறக்காது. ஒரே அடியாத் திறக்கும்." குரலைத் தாழ்த்தினான். "இது மனுஷன்க்கா."

"அண்ணனா?"

"அண்ணனா இருந்தா எதுக்கு பழைய மெத்தை விளம்பரத்தை எல்லாம் உட்கார்ந்து படிக்கப் போறான்? நமக்கு ஒரு வார்த்தை எழுத மாட்டானா?"

"அப்ப யாரு?"

கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "அண்ணன் போன் வண்டியோட கிடைக்கலை. ஆத்துலயும் கிடைக்கலை. யார்கிட்டயோ இருக்கு. கடைசியா அண்ணனோட யாரு இருந்தானோ, அவன்கிட்ட."

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பாட்டுக்கு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. இரண்டு மாதம் முந்தைய மெயில். அதற்கு முந்தைய நாளுடையது. அதற்கும் முந்தைய நாளுடையது. அது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையை நோக்கிப் போகிறது.

"அண்ணிகிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டான் கடைக்குட்டி. "அண்ணன் உசிரோட இருந்தா நாளைக்கு அவங்க கையெழுத்துப் போடக் கூடாது. போட்டுட்டா முடிஞ்சது. அப்புறம் யாரும் தேடவே மாட்டாங்க."

"நிச்சயமாத் தெரியாம எப்படிச் சொல்றது? போன வாரம்தான் அழுது தீர்த்திருக்காங்க. இப்பப் போய் உசிரோட இருக்கான்னு ஆசை காட்டி, அது இல்லேன்னு ஆனா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள தெரிஞ்சாகணுமே."

"தெரிஞ்சுக்கலாம்" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

இதற்கிடையில் கண் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. மனசு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அவசரமாக ஐந்து பேருக்கும் சோதனை மெயிலைத் தட்டிவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கீழேயிருந்து அம்மா கத்தினாள்.

"என்னடி அநியாயம் இது! கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு, 'கண்ணை மூடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்'னு ஆஸ்பத்திரிக்காரன் எழுதுவானா? படிச்சதும் பாதிப் பேருக்கு நெஞ்சு வலி வந்துடும்!"

மெத்தைக் கம்பெனியின் வாசகம் அது. ஆஸ்பத்திரியின் தலைப்பில் ஏறிவிட்டது. அம்மா மட்டும் பார்க்காமல் விட்டிருந்தால் பதினெட்டாயிரம் நோயாளிகளுக்குப் போயிருக்கும். மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை.

"அண்ணி பாத்தாங்களாம்மா?" என்று மாடிப்படியில் நின்று கேட்டாள். "அவங்க காலையிலேருந்து ஒண்ணுக்கும் சரி போடலை."

"தலைவலிங்கறா. கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கா. டீ கொண்டு போனேன், வேண்டாம்னுட்டா." அம்மா கூடத்து நாற்காலியில், மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மகளை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு என்ன ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கற."

"ஒண்ணுமில்லம்மா. வேலை."

"வேலை வேலைன்னு உடம்பைக் கெடுத்துக்காத. பெரியவன் வந்தா என்னைத்தான் திட்டுவான்."

மேனேஜர் மாடியேறிவிட்டாள். ஏறும்போதே கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் பாட்டு டீச்சரின் மெயிலும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. கடைக்குட்டிதான் இரண்டாம் தடவை சரிபார்த்தான். இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியில் ஏழு மாதம் முந்தைய மெயில்கள் திறந்துகொண்டிருந்தன. நடுவில் அரை மணி நேரம் நின்றது. போய்விட்டான் போல என்று மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, மறுபடி ஆரம்பித்தது.

"சாப்பிடப் போயிருக்கான்" என்றான் கடைக்குட்டி. சாதாரணமாகத்தான் சொன்னான். இரண்டு பேருக்குமே கேட்க நன்றாக இல்லை.

மூன்று மணிக்கு அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"திறந்தா யார்னு மட்டும்தான் தெரியும். எங்கேருந்துன்னு தெரியாது. நடுவுல மெயில் கம்பெனிக்காரன் மறைச்சுடறான். ஆனா உள்ள இருக்கற லிங்க்கை அழுத்தினா?"

"இணைய எண் விழும்" என்றான் கடைக்குட்டி. "எந்த ஊரு, எந்த இணைப்பு, எல்லாம் வந்துடும்."

"அழுத்த வைக்கறேன். அவனுக்கு மட்டும் ஒரு மெயில் போடறேன்."

சொல்வது சுலபம். முப்பதாயிரம் பேரைத் திறக்க வைக்கிற தலைப்பை அவள் டீ ஆறுவதற்குள் எழுதிவிடுவாள். ஒரே ஒருவனுக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. 'அண்ணா, எங்கே இருக்கே' என்று எழுதினாள். அடித்தாள். 'அம்மா உன்னைத் தேடறா' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். அந்தப் பக்கம் இருப்பது அண்ணனா, அண்ணனை என்னவோ செய்தவனா என்றே தெரியாதபோது யாரிடம் என்று பேசுவது?

மெத்தைக் கம்பெனி முதலாளி போன் செய்தார். "நாலு மணி, ஞாபகம் இருக்குல்ல? இன்றே கடைசின்னு சிவப்புல போடுங்க."

"போட்டாச்சு சார்" என்று வைத்தாள். வைத்த கையோடு எழுதினாள்.

'நாளைக்குப் பத்து மணிக்கு நீ செத்துட்டேன்னு எழுதிக் கொடுக்கப் போறோம்.'

உள்ளே ஒரே ஒரு வாக்கியம்: இருந்தால் இதை அழுத்து. அதற்குக் கீழே, எல்லா மெயிலிலும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிற 'இனி எனக்கு அனுப்ப வேண்டாம்' என்ற வரி.

அனுப்பினாள். இரண்டு பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பழைய மெயில்கள் திறப்பது நின்றது. புது மெயில் திறந்தது.

பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. கடைக்குட்டி நகம் கடித்தான். கீழே யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

திரையில் ஒரு வரி விழுந்தது. அவள் கேட்டிருந்த லிங்க்கை யாரும் தொடவில்லை. கீழே இருந்த மற்றதை அழுத்தியிருந்தார்கள். 'அண்ணன்: பட்டியலிலிருந்து விலகினார்.'

"விலகிட்டான்க்கா" என்றான் கடைக்குட்டி. குரல் உடைந்திருந்தது. "நம்ம மெயிலே வேண்டாம்னுட்டான்."

மேனேஜர் அழவில்லை. அழுத்தினால் போதும், எதை அழுத்தினால் என்ன? அந்த வரியை விரித்தாள். இணைய எண் இருந்தது. பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

அந்த எண்ணைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கு மனப்பாடம். வாடிக்கையாளர்களுக்கு ரிப்போர்ட் அனுப்பும் முன், சொந்த வீட்டார் லிங்க்கை அழுத்திப் பார்த்ததைக் கழிக்க வேண்டும் என்று தினம் தினம் அந்த எண்ணைத்தான் தேடித் தேடிக் கழிக்கிறாள்.

"என்னக்கா? எந்த ஊரு?"

"ஊரெல்லாம் இல்லடா" என்றாள். "நம்ம வீடு. கீழதான்."

கடைக்குட்டி எழுந்தேவிட்டான். அவள் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ இங்கயே இரு. மெத்தையை நாலு மணிக்கு நீயே அனுப்பு. தலைப்பை ரெண்டு தடவை பாரு. அம்மாவுக்குச் சந்தேகம் வரக் கூடாது."

படி இறங்கினாள். அம்மா கூடத்திலேயே இருந்தாள், டேப்லெட்டில் ஏதோ பாட்டு கேட்டபடி. அம்மாவுக்கு அடுத்தவர் பெட்டியைத் திறக்கத் தெரியாது. தன் பெட்டியே பாதி நாள் தொலைந்து போகும். மிச்சம் இருந்தது, சாத்திய கதவு ஒன்றுதான்.

கதவைத் தட்டாமலே திறந்தாள்.

அண்ணி படுத்திருக்கவில்லை. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தாள். கண்கள் சிவந்து கிடந்தன. ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தாள். மேனேஜரைப் பார்த்ததும் போனை மடியில் கவிழ்த்தாள்.

"நீங்கதானா அண்ணி?"

"என்ன நான்தானா?"

"காலையிலேருந்து அண்ணன் பெட்டியைத் திறந்துகிட்டு இருக்கறது."

அண்ணி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். மறுத்துவிடலாமா என்று யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. பிறகு சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தாள். "எனக்குத் திறக்கணும்னே இல்ல. அழிக்கத்தான் செய்யறேன். ஒண்ணை அழிச்சா அடுத்தது தானாத் திறந்துக்குது. மொத்தமா எப்படி அழிக்கறதுன்னு தெரியலை. யாரைப் போய்க் கேக்கறது? உன் தம்பியைக் கேட்டா ஏன்னு கேப்பான். உன் மெயில் வர்ற வரைக்கும் இது மாடியில உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. அது வந்ததும் பயந்துபோய், இனி வரவே வேண்டாம்னு கீழ இருந்ததை அழுத்திட்டேன்."

"எதுக்கு அழிக்கறீங்க?"

"கையெழுத்துப் போட்டதும் இந்தப் பெட்டியை அவங்க கேப்பாங்களாம். அதுக்குள்ள ஒண்ணும் இருக்கக் கூடாதாம்."

"யார் சொன்னது? போலீஸா?"

அண்ணி மடியிலிருந்த போனை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். நிதானமாகத்தான் கேட்டாள். "அண்ணி, அண்ணன் வாரா வாரம் பாஸ்வேர்டை மாத்துவான். யாருக்கும் சொல்ல மாட்டான். போலீஸ் கேட்டப்ப எனக்குத் தெரியாதுன்னு நீங்க அழுதீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். இப்ப எப்படித் தெரிஞ்சது?"

"அப்பத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நேத்து சாயங்காலம்தான் தெரியும்."

"யாரு சொன்னா?"

"உங்க அண்ணன்."

கூடத்தில் அம்மாவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜருக்கு ஒரு நிமிஷம் எதுவும் காதில் விழவில்லை. பத்து மாதமாக ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் இந்தச் செய்தி வராதா என்றுதான் எடுத்தாள். வந்தே விட்டது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கானா? நிஜமாவே இருக்கானா? எங்க அண்ணி? நல்லா இருக்கானா?"

"புது நம்பர்லேருந்து பேசினார். குரல் அவரோடதுதான். எங்கேன்னு சொல்லலை. நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல." அண்ணியின் உதடுகள் துடித்தன. "அங்கேருந்து பெட்டியைத் திறந்தா இடம் தெரிஞ்சுடுமாம். வீட்டுலேருந்து திறந்தா யாருக்கும் சந்தேகம் வராதாம். எல்லாத்தையும் அழி, ஒண்ணையும் படிக்காதேன்னார். முக்கியமா உனக்குத் தெரியக் கூடாதுன்னார்."

"எனக்கா? ஏன்? நான் என்ன பண்ணினேன்?"

"நீ விட மாட்டியாம். தோண்டிக்கிட்டே இருப்பியாம்."

அது அவளுக்கு வலித்தது. மற்ற எதையும்விட அது வலித்தது. அண்ணன் எல்லாம் யோசித்திருக்கிறான். எங்கிருந்து திறந்தால் தெரியும், எங்கிருந்து திறந்தால் தெரியாது என்று கணக்குப் போட்டிருக்கிறான். தங்கை தன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காமலே வைத்திருப்பாள் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவள், எப்போதோ தூக்கியிருப்பாள் என்று நினைத்துவிட்டான்.

"எவ்வளவு அழிச்சீங்க?"

"முக்கால்வாசி போயிருக்கும். எல்லாம் உன் செருப்பும் மெத்தையும்தான். அதுல படிக்கக் கூடாததுன்னு என்ன இருக்குன்னு எனக்குப் புரியலை. ஆனா அவர் போன அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தினதுக்கு இன்னும் வரலை."

மேனேஜர் கையை நீட்டினாள். அண்ணி தயங்கினாள். பிறகு போனைக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே ஒழுங்காக வந்தது போலிருந்தது.

"நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடக் கூடாது அண்ணி. உசிரோட இருக்கிறவனை எப்படி..."

"போடணும்" என்றாள் அண்ணி. "போடச் சொன்னதே அவர்தான். பரிசோதனை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடு, அதை மட்டும் செஞ்சுடு, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்னார்."

மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. கேட்காமல் இருக்க முடியாத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. கேட்டால் அப்புறம் அதைத் திருப்பி எடுக்க முடியாது என்றும் தெரிந்தது.

"அண்ணி, அந்தச் சட்டை?"

"அவரோடதுதான். அதுல நான் பொய் சொல்லலை. பித்தான் மாத்தித் தைச்சதே நான்தான்."

"அப்ப அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுச் சேத்துல கிடந்தது யாரு?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கேட்டேன். மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் அவர் ஒண்ணுதான் சொன்னார். 'நீ கையெழுத்தைப் போடு.'"

கூடத்தில் பாட்டு நின்றது. அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. மேனேஜர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள்.

அண்ணன் ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்துவிட மாட்டானா என்று பத்து மாதம் அழுதவள் அவள். இப்போது தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தபடி நின்றாள். அவன் வந்துவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.